எட்டாம் தேதிகளில் சிதறிக் கிடந்த ஆகஸ்டு

மாட்டு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“அம்மா, சினை ஊசி போட்டது எந்தத் தேதி?”

அன்றைக்கு மே மாதம் நான்காம் தேதி. என் கிடேரிக்கு அது தலை ஈத்து, முதல் கன்று. அது பால்குடிக் கன்றாக இருந்தபோதே அதன் தாய் தோல் நோய் கண்டு செத்துப்போனது. புட்டியில் பால் ஊற்றி நான்தான் வளர்த்தேன். வாடிப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டில், மகள் கட்டிக்கொண்டு போய், வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, என்னைத் தவிர மூச்சு விடுகிற உயிர் அது ஒன்றுதான். அதற்குச் சித்திரை முதல் வாரத்திலேயே கன்று போட்டிருக்க வேண்டும் என்று கணக்கு. போடவில்லை. அதனால்தான் டாக்டரை வரச் சொன்னேன்.

நான் போனை எடுத்து நீட்டினேன். அதில் என் மகள் போட்டுக் கொடுத்த கணக்கு ஆப் இருந்தது. டாக்டர் தேடி எடுத்து வாசித்தார்.

“கிடேரிக்குச் சினை ஊசி. எட்டு, ஏழு. ஜூலை எட்டு.” விரல் விட்டு எண்ணினார். “ஒம்போது மாசம் பத்து நாள்னா ஏப்ரல் பதினெட்டு. பதினாறு நாள் தாண்டிருச்சேம்மா.”

“ஆமாங்க சார்” என்றேன். படித்தவர்கள் எது சொன்னாலும் என் வாயில் அதுதான் வரும்.

அவர் கிடேரியின் வால் அடியைத் திரும்பவும் தடவிப் பார்த்தார். முகம் தெளியவில்லை. “கன்னு உயிரோட நல்லா இருக்கு. ஆனா இடுப்புக் கட்டு இன்னும் நெகிழல. மடியும் முழுசா எறங்கல. தலை ஈத்துல சிலதுக்கு அப்பிடி இருக்கும். தேதி சரின்னா இதுக்கு மேல விடக் கூடாது. உள்ளேயே பெருத்துப்போச்சுன்னா வெளிய வராது, தாய்க்கும் ஆபத்து. நாளைக்குக் காலையில வந்து ஊசி போட்டு ஈன வச்சிருவோம். தேதி உறுதிதான?”

“தப்புன்னா என்ன சார் ஆகும்?” இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து நின்றிருந்த பக்கத்து வீட்டு மதினி கேட்டாள். அவளுக்கு யாரிடமும் கூச்சம் கிடையாது. எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி.

“தப்புன்னா பிஞ்சா வந்து விழும். எந்திரிச்சு நின்னு பால் குடிக்கத் தெம்பு இருக்காது. தாய்க்கும் நஞ்சுக்கொடி விழாம உள்ளேயே தங்கிரும். அதனாலதான் கேக்குறேன். தேதியிலதான் எல்லாம் இருக்கு.”

“உறுதிதாங்க சார்” என்றேன்.

அவர் போன பிறகு மதினி கிடேரியின் வயிற்றைப் பார்த்துச் சொன்னாள். “ஏ மதினி, இது கன்னு சொமக்குதா கல்லு சொமக்குதா? மத்தவுக மாடெல்லாம் வாயில்லாம இருந்தாலும் கன்னு போடத் தெரியுது. ஒன் மாடு ஒன்ன மாதிரியே வெக்கப்படுது.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பயமாக இருந்தது.

அந்த ஆப் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மகளுக்குச் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிற வேலை. போன வருடம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், தவிடு வாங்கிய சீட்டு, புண்ணாக்குச் சீட்டு எல்லாம் அரிசிப் பானைக்குள் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கே என் போனில் ஏற்றிவிட்டாள். “ம்மா, என்ன செலவு, எம்புட்டு ரூவா, என்னிக்கு. இந்த மூணையும் போட்டாப் போதும். மிச்சத்த அது பாத்துக்கிரும்” என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். எண்கள் தெரியும். நான் “தவிடு” என்று தட்டினால் அது எழுத்தாக வந்து நிற்பதைப் பார்த்து முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாதக் கடைசியில் அதுவே கூட்டிச் சொல்லும். ஒரு தடவைகூட விரல் மடக்காது. இப்படி ஒன்று என் இடுப்பில் செருகிக் கிடக்கிறதே என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தேதி போடுகிற இடத்தில் மூன்று கட்டங்கள். அவற்றில் மங்கலாக ஏதோ இங்கிலீஷ் எழுத்து. மகள் இருந்த இரண்டு நாளும் அவளே போட்டாள். அவள் போன பிறகு நான் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்த்துப் போட ஆரம்பித்தேன். காலண்டர் தாளில் மேலே மாதம் இருக்கும், அதற்குக் கீழே தேதி பெரிதாக இருக்கும். நாம் சொல்வதும் அப்படித்தானே? ஆடி பதினெட்டு, தை ஒன்று என்கிறோம். மாதத்தைச் சொல்லித்தான் நாளைச் சொல்லுவோம். நானும் முதல் கட்டத்தில் மாதம், இரண்டாவது கட்டத்தில் தேதி என்று போட்டு வந்தேன். ஆப்பும் வாங்கிக்கொண்டது.

பதின்மூன்றாம் தேதி வந்தது. வாங்கவில்லை. கட்டம் சிவப்பாகிவிட்டது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் சிவப்பு. இடுப்புத் துணியில் துடைத்துவிட்டும் போட்டுப் பார்த்தேன். பிறகு எதற்கும் பார்ப்போம் என்று திருப்பி, தேதியை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் போட்டேன். உடனே வாங்கிக்கொண்டது. அடுத்த மாதமும் அதே மாதிரி. பன்னிரண்டு வரைக்கும் மாதம் முன்னால், பதின்மூன்றிலிருந்து தேதி முன்னால். சரிதான், வளர்பிறை தேய்பிறை மாதிரி இங்கிலீஷ் மாதத்துக்கும் பாதிக்குப் பாதி ஒரு முறை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நுணுக்கமான ஒன்றை நானாகவே கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. மகளிடம் கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பாள் என்ற கூச்சம்.

டாக்டர் வந்துபோன அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊசி போட்ட நாளை யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஊசி போட்டவர் வெளியாள். பைக்கில் வந்தார், போட்டார், காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சீட்டு எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். எனக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று. அவர் கழற்றி வைத்த ஹெல்மெட் காற்றில் உருண்டு போய்ச் சாணிக் குழியில் விழுந்தது. “என்னம்மா ஒங்க ஊர்க் காத்து ஆளையே தூக்கிரும் போல” என்றார். அது ஆடிக் காற்று என்றே என் மனசு சொன்னது. ஜூலை எட்டு என்றால் ஆனி அல்லவா? ஆனால் எங்கள் பக்கம் ஆனியிலும் காற்று அடிக்கும். போனோ ஜூலை என்கிறது. போன் கூட்டுவது தப்பாது. அப்படியானால் என் ஞாபகம்தான் தப்பு. நான் அப்படித்தான் முடிவு கட்டினேன். என்னைவிட அதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மாலை பஸ்ஸில் வந்தாள். வந்ததும் நேராக மாட்டுக் கொட்டத்துக்குப் போய்க் கிடேரியின் நெற்றியைச் சொறிந்துவிட்டு, “என்னடி, எங்கம்மாவப் போட்டுப் பாடாப் படுத்துற?” என்றாள். பிறகு என்னிடம், “ஏம்மா மூஞ்சி இப்பிடி இருக்கு? அதான் தேதி பதிஞ்சிருக்குல்ல. டாக்டர் பாத்துக்கிருவாரு” என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை.

“ஏத்தா, இதுல மாசம் எழுத்துல வராதா? வெறும் நம்பராவே இருக்கே. எழுத்துல இருந்தா நான் ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிருவேன்.”

“அம்புட்டுத்தான? இதுக்கா இம்புட்டு யோசன? இந்தா.”

அவள் போனில் எங்கெங்கோ உள்ளே போனாள். ஆப்பைத் தமிழுக்கு மாற்றினாள். பிறகு ஓர் இடத்தைக் காட்டினாள். ஏழு வரிகள் கீழே கீழே இருந்தன. “இதுல எப்பிடி வேணும்னு நீயே தொடும்மா” என்றாள்.

அதைப் பார்த்து நின்றது எனக்கு இப்போதும் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைய நாளையே மாதிரிக்குக் காட்டியிருந்தார்கள். ஒரே நாள் ஏழு சட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பது போல இருந்தது. ஒன்றில் நடுவே சாய்ந்த கோடு, ஒன்றில் புள்ளி, ஒன்றில் வருடம் முன்னால். ஒன்றில் 04/05. அதற்கு அடுத்ததில் 05/04.

“இது ரெண்டும் இன்னிக்குத்தானா?”

“ஆமா. இது நம்ம ஊரு மொற, தேதி முன்னாடி. இது வெளிநாட்டுக்காரங்க மொற, மாசம் முன்னாடி. ஒனக்கு நம்ம மொறதான் போட்டுருந்தேன்.”

“எப்பவுமேவா? பன்னெண்டுக்கு முந்தியும்?”

“அதென்ன பன்னெண்டுக்கு முந்தி?”

நான் கடைசி வரியைத் தொட்டேன். அதில்தான் மாதம் எழுத்தில் இருந்தது: 04 மே. தொட்டதும் பட்டியல் முழுக்க, நான் பத்து மாதமாகப் போட்ட அத்தனை வரியும், கண் மூடித் திறப்பதற்குள் எழுத்துக்கு மாறிவிட்டது. ஒரு வரி பாக்கியில்லை.

மகள் பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பழைய வரிகளுக்கு வந்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“இதென்னம்மா, போன வருசம் ஜனவரியில இருந்து வருது? நான் ஜூன்லதான போட்டுக் குடுத்தேன்? 08 ஜனவரி, பருத்திக்கொட்ட. 08 பிப்ரவரி, தவிடு. 08 மார்ச்…” அவள் நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாக வாசித்தாள். “08 மார்ச். ஆடிப்பெருக்கு, மகளுக்கு மஞ்சக் கயிறு.”

போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“மாசி மாசத்துல ஆடிப்பெருக்காம்மா?”

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர் தாள், மாதம் முன்னால், பதின்மூன்றாம் தேதிச் சிவப்பு, வளர்பிறை தேய்பிறை எல்லாம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். ஏப்ரல் எட்டில் ஒரு வரி, மே எட்டில் ஒரு வரி, ஜூன் எட்டில் ஒரு வரி. டிசம்பர் வரைக்கும் எந்த மாதத்தை எடுத்தாலும் எட்டாம் தேதியில் ஒன்று இருந்தது.

“யம்மா! ஆகஸ்டு மாசத்தப் பன்னெண்டு துண்டா நறுக்கி வருசம் பூராம் வெதச்சு வச்சிருக்கியே! இத நான் பாக்காம மொத்தத்த மட்டும் பாத்துட்டுப் போயிருக்கேனே!”

சொன்னவள் சிரிப்பை நிறுத்தினாள். விரல் ஜூலையில் நின்றது.

“அப்ப இந்த ஊசி?”

“08 ஜூலை” என்று நான் வாசித்தேன். ஜனவரியில் கிடப்பது ஆகஸ்டு ஒன்று. பிப்ரவரியில் கிடப்பது ஆகஸ்டு இரண்டு. மார்ச் ஆடிப்பெருக்கு, ஆகஸ்டு மூன்று. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் ஜூலையில் கிடப்பது ஆகஸ்டு ஏழு. ஆடி இருபத்திரண்டு. ஹெல்மெட் உருண்டது ஆடிக் காற்றில்தான்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். “மே பதினேழும்மா. இன்னும் பதிமூணு நாள் கெடக்கு.”

நான் எழுந்து கொட்டத்துக்குப் போனேன். கிடேரி அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே இருந்து ஓர் உதை வந்தது. நாங்கள் எட்டையும் ஏழையும் வைத்துக்கொண்டு இத்தனை பாடு படுகிறோம். அது எந்தக் கட்டத்திலும் எண் போடாமல் தன் நாளைத் தானே எண்ணிக்கொண்டு உள்ளே கிடக்கிறதே என்று நினைத்தபோது, வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை டாக்டர் சொன்னபடி வந்தார். மதினியும் இன்னும் இரண்டு பெண்களும் கொட்டத்துப் பக்கம் வந்து நின்றார்கள். டாக்டர் மருந்தைக் குழாயில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மகளின் கையைச் சுரண்டினேன். அவள் குனிந்து என் காதில் சொன்னாள்.

“நீயே சொல்லும்மா. தேதி ஒன்னோடது.”

என் வயதுக்கு இதுவரை எந்த அதிகாரியிடமும் ‘ஆமாங்க’ தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. டாக்டர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“சார், வேணாங்க சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். “நான் தேதிய மாத்திப் போட்டுட்டேன். அது ஜூலை எட்டு இல்லங்க. ஆகஸ்டு ஏழு. நான் மாசத்த முன்னாடி போட்டேன். பன்னெண்டு வரைக்கும் அது ஒண்ணும் சொல்லல, வாங்கிக்கிருச்சு.”

பேசி முடித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. டாக்டர் கை அப்படியே நின்றது. என் போனை வாங்கிப் பார்த்தார். ஜனவரி எட்டு, பிப்ரவரி எட்டு என்று மகள் காட்டக் காட்ட அவரும் வாசித்தார். பிறகு தன் போனில் நாளை எண்ணினார்.

“இன்னியோட எரநூத்தி எழுவத்தி ஒண்ணு.” ஊசியின் மூடியை மாட்டினார். “அதான் கட்டு நெகிழல. எனக்கும் நேத்துலருந்து மனசு ஒப்பல. எம்புட்டுப் படிச்சு என்னம்மா, நானும் எட்டு ஏழுன்னதும் ஜூலைன்னுதான வாசிச்சேன்?” பெட்டியை மூடிக்கொண்டு, “பதினேழுக்கு மேல போனா கூப்பிடுங்க. அதுக்குள்ள அதுவே போட்டுரும்” என்றார்.

அவர் பைக் தெரு முனையைத் தாண்டும் வரை மதினி பொறுத்தாள். “மாடு வெக்கப்படுதுன்னு நெனச்சா, மதினியில்ல ஆபீசரவே மறிச்சுப்புட்டா!” என்றாள். அன்றைக்கு முழுக்க அதையே எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் தினமும் மத்தியானம் உட்கார்ந்து வரிகளைத் திருத்தினேன். மகள் போனில் வழி சொன்னாள், கை என்னுடையது. ஒரு வரியைத் தொடுவேன், தேதியை மாற்றுவேன், அது அந்த இடத்தை விட்டுக் காணாமல் போகும். தேடிப்போனால் தன் மாதத்தில், தன் நாளில், முன்னும் பின்னும் இருக்கிற வரிகளோடு ஒட்டி நிற்கும். மாசியில் கிடந்த ஆடிப்பெருக்கு ஆடிக்கு வந்தது. மார்கழிக்குப் போயிருந்த பருத்திக்கொட்டை திரும்பி வந்தது. ஆகஸ்டு எட்டாம் தேதி வரிக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. எட்டு, எட்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அப்புறம் பார்த்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது: செப்டம்பர் ஒன்பது, அக்டோபர் பத்து. நான் எவ்வளவு தப்பாகத் தட்டியும் கலையாமல் நின்ற நாள்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கிடேரியிடம் சொன்னேன்.

மே பதினாறு. காலையில் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்பினால், கிடேரி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. மடி இறங்கித் திரண்டிருந்தது. வெயில் ஏறிப் பதினொரு மணி இருக்கும், இரண்டு சின்னக் குளம்புகள் தெரிந்தன. அவற்றின் மேல் மூக்கு. நானும் மதினியும் பார்த்துக்கொண்டு மட்டும்தான் நின்றோம். இழுக்க வேண்டிய வேலையே இல்லை. கிடேரி ஒரு பெருமூச்சு விட்டது, கன்று வைக்கோலில் வழுக்கி வந்து விழுந்தது. கிடேரி திரும்பி நின்று நக்கத் தொடங்கியது. அதற்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கன்று நான்கு காலையும் நான்கு திசைக்கு வைத்து எழுந்தது, விழுந்தது, எழுந்தது. மூன்றாவது தடவை நின்றுவிட்டது. ஆடிக்கொண்டே போய் மடியைத் தேடிப் பிடித்து முட்டியது. சீம்பால் அதன் வாய் ஓரத்தில் மஞ்சளாக வழிந்தது. நஞ்சும் பொழுது சாய்வதற்குள் விழுந்துவிட்டது.

“பொட்டக் கன்னு. ஒரு நாள் முந்திக்கிருச்சு” என்றாள் மதினி. “ஒன் கணக்கு ஒரு நாள் தப்பு மதினி.”

“அதோட கணக்கு அது” என்றேன்.

கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். கிடேரிக்கு வாங்கிய கருப்பட்டியைச் செலவில் போட்டேன். பிறகு புதிதாக ஒரு வரி எடுத்து, “கன்று பிறந்தது” என்று தட்டினேன். ரூபாய் கேட்டது. ஒன்றுமில்லை என்பதற்குச் சுழியம் போட்டேன். வாங்குமோ வாங்காதோ என்று பார்த்தேன். வாங்கிக்கொண்டது. 16 மே. கன்று பிறந்தது. 0. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் கடையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் சிம்மக்கல் ஹாரன் சத்தம்.

“போட்டுருச்சா? நல்லா இருக்கா? நிக்குதா? பால் குடிச்சுச்சா?”

“எல்லாம் ஆச்சுத்தா.”

“தேதியப் போட்டியா? என்னன்னு போட்ட, சொல்லு பாப்போம்.”

“வைகாசி ரெண்டு” என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. கன்றைப் பார்த்துக்கொண்டே திருத்திச் சொன்னேன்.

“பதினாறு. மே.”